கப்பக்காடு

மலையில் கப்பல் கட்டினார்கள் என்று சொன்னால் என் மகன் நம்புவதில்லை. "அம்மாவுக்கு எதையும் கொஞ்சம் பெருசாத்தான் சொல்ல வரும்" என்று மருமகளைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். என் வயதுக்காரர்கள் நீங்கள், பனியில் வெறுங்காலோடு, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசை நின்றவர்கள். நம் மலைகளில் அந்தக் காலத்தில் என்னதான் நடக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தோட்டம் நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில், ஆறு ஒன்று வளைந்து திரும்பும் இடத்துக்கு மேலே இருந்தது. அந்த வளைவில் மட்டும்தான் சமதரை, மற்றதெல்லாம் செங்குத்து. தேயிலைக்கு ஆகாத நிலம் என்று அதை எங்கள் ஆட்களுக்கு விட்டிருந்தார்கள், செத்தவர்களைப் புதைப்பதற்கு. எனக்கு முன்னால் பிறந்து கண் திறக்காமலே போன என் அண்ணன் அங்கேதான் கிடந்தான். அத்தையின் வீட்டுக்காரரும் அங்கேதான். அத்தை என் அப்பாவின் தங்கை. அவள் வீட்டுக்காரரான மாமா தேயிலைச் செடியை மட்டமாகக் கவ்வாத்து வெட்டுவதில் பேர் போனவர். அவர் வெட்டிவிட்டுப் போன தேயிலை மலையைப் பார்த்தால் யாரோ பலகை வைத்துச் சீவியது மாதிரி இருக்குமாம். ஒரு காய்ச்சலில் மளமளவென்று போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அத்தை அவருடைய கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவிலேயே தங்கிவிட்டாள்.

பெண்கள் புதைகுழிக்குப் போகக் கூடாது என்பது எங்கள் கட்டு. பாடை லயத்து வாசலைத் தாண்டியதும் நின்றுவிட வேண்டும். ஆனால் எங்கள் பெண்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தேயிலை மலையின் மேல் விளிம்புக்கு ஏறிக்கொண்டால் ஆற்று வளைவு முழுக்கத் தெரியும். கொழுந்து எடுப்பதற்கு ஆளுக்கொரு வரிசைச் செடி கொடுப்பார்களே, நெரை என்போமே, அத்தையின் நெரை அங்கிருந்து ஆற்றைப் பார்த்து நேராக இறங்கியது. அதன் கடைசிச் செடியோரம் நின்றுதான் மாமாவைக் குழிக்குள் இறக்குவதை அவள் பார்த்தாள். மாமா போன இடத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாமா செத்து ஓராண்டு ஆகியிருக்காது, ஆற்றின் கீழ்ப்பக்கம் அணை கட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். சமதரை வேறு எங்கும் இல்லாததால் எங்கள் புதைகுழி நிலத்தில்தான் அவர்கள் கொட்டகை போட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறக்கிய இரும்புத் தகடுகள் லொறி லொறியாக வந்தன. சிங்கள பாஸ்மார், இரும்பு வேலையில் கைதேர்ந்தவர்கள், உலையில் ஆணியைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து வீசுவார்கள். மேலே நிற்பவன் அதை ஒரு வாளியில் பிடித்து, கருகுவதற்குள் தகட்டு ஓட்டையில் வைத்து அறைவான். அந்த டங் டங் சத்தம் நாலு மலையில் முட்டித் திரும்பி வரும். சிவந்த ஆணி காற்றில் பறப்பதைப் பார்ப்பதற்காகவே நாங்கள், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பிராவிலிருந்து ஓடிவந்து பாறைமேல் உட்கார்ந்திருப்போம். எனக்கு அப்போது ஏழு வயதிருக்கலாம். அதைவிட அழகான ஒன்றை அதற்கப்புறம் நான் பார்த்ததாக நினைவில்லை.

மூன்று கப்பல்கள் உருவாகின. தண்ணீர் தேங்கியதும் அணை வேலைக்குப் பாரம் ஏற்றும் மிதவைகள்தான் அவை, கப்பல் என்று நாங்கள்தான் சொன்னோம். பெரியது தட்டையான அடிப்பாகத்தோடு, மேலே பாரம் தூக்கும் ஒரு நீண்ட இரும்புக் கழுத்தோடு நின்றது. லயத்தில் ஒரு முழு வரிசை அதற்குள் குடியிருக்கலாம். ஆற்றிலோ கெண்டைக்கால் தண்ணீர். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் கங்காணி சிரிப்பில் முன்னால் நின்றார்.

"பெரிய வெள்ளத்துலயே தண்ணி புள்ளையார் கல்லத் தொட்டதில்ல. அதத் தாண்டி இந்த மேட்டுக்கு எங்கருந்து வரப்போகுது? ஆத்த நமக்குத் தெரியுமா, நேத்து வந்த தொரைக்குத் தெரியுமா?"

புள்ளையார் கல் ஆற்றங்கரையில் நின்ற ஒரு பாறை. விபூதி பூசி, அவ்வப்போது சூடம் கொளுத்துவோம்.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். பாலத்தடியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா. "எங்க நூஹ் நபியயும் இப்பிடித்தான் மேட்டுல கப்பல் கட்டுறாருன்னு சிரிச்சாங்க" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டை, கருவாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு மேலே கடையை மாற்றினார். அதற்கும் சிரித்தார்கள். ஒரு கப்பலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தண்ணீர் வராது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போது நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அத்தை மட்டும் கங்காணியிடம் போய்க் கேட்டாள். "ஒரு பிடி மண்ணாவது எடுத்து மேல வச்சிக்கலாமுங்களே?" பிடிமண் நமக்குப் புதிதா? எங்கள் தோட்டத்து மாரியம்மனே திருச்சிப் பக்கத்திலிருந்து யாரோ முந்தியில் முடிந்துகொண்டு வந்த ஒரு பிடி மண்ணில் வந்தவள்தான். மண் வந்தால் சாமி வந்த மாதிரி, ஆள் வந்த மாதிரி. கங்காணி அதற்கும் அதட்டினார்.

"வராத தண்ணிக்குப் பயந்து படுத்திருக்கிறவங்களக் கெளப்புறதா? போய்க் கொழுந்தப் பாரு புள்ள."

அப்பாவும் கங்காணியின் பேச்சைத்தான் கேட்டார். அத்தை கொழுந்தைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் நெரையின் முடிவில் நிமிர்ந்தால், மாமா கிடந்த இடத்தின்மேல் ஒரு கப்பல் வளர்ந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு மழைக்காலம். இரவும் பகலும் ஊற்றியது. ஒரு காலையில் பெரட்டு முடிந்து கூடையோடு எல்லோரும் மலை ஏறியபோது மூட்டம் மெல்ல விலகியது. புள்ளையார் கல்லைக் காணோம். சமதரையைக் காணோம். பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய தண்ணீர், அதன்மேல் நடுத்தரக் கப்பல் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. யாரும் தள்ளவில்லை. நேற்று வரைக்கும் கட்டடம் மாதிரி நின்ற இரும்பு, மூக்கைத் திருப்பி எங்களைப் பார்த்தது. ஒரு பெண்ணும் கொழுந்தில் கை வைக்கவில்லை. அதட்ட வேண்டிய கணக்கப்பிள்ளையும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் கையில் மயிர் நிற்கிறது.

பெரிய கப்பல் மட்டும் எழும்பவில்லை. அடித்தகடு எங்கோ பிளந்து தண்ணீர் உள்ளே போய், கட்டிய இடத்திலேயே அமுங்கிவிட்டது. கொஞ்ச நாள் பம்பு வைத்து இறைத்துப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அணை வேலை முடிந்ததும் மற்ற இரண்டையும் அதன் பக்கத்திலேயே கொண்டுவந்து சங்கிலியில் கட்டிவிட்டுக் கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்கள். அறுத்தால்தான் வெளியே கொண்டுபோக முடியும், அந்தச் செலவு அவர்களுக்கு எதற்கு? கடலையே பார்க்காத கப்பல்கள் எங்கள் மலைக்குள் துருப்பிடிக்க ஆரம்பித்தன.

அந்த நீர் வளைவுக்கு எங்கள் ஆட்கள் கப்பக்காடு என்று பேர் வைத்தார்கள், சுடுகாடு மாதிரி. கொழுந்துக்காரப் பெண்கள் சும்மா இருப்பார்களா? தோட்டத்து அதிகாரிகளின் பேரையே கப்பல்களுக்கும் வைத்தார்கள். அமுங்கிக் கிடந்து ஒரு வேலையும் செய்யாததைப் பெரிய தொரை என்றார்கள். நடுத்தரமானது சின்ன தொரை. காற்றடித்தால் இரண்டுக்கும் நடுவே ஓடி ஓடி முட்டிக்கொள்ளும் சிறியது கணக்கப்புள்ள. அதன் மேல்தட்டுப் பலகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், லயத்துக் காம்பிராக்களில் மறைப்பாகவும் கோழிக்கூடாகவும் மறுபிறவி எடுத்தன. ஒரு தகட்டைப் பெரட்டுக் களத்தில் தொங்கவிட்டு மணியாக அடித்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அந்தக் கப்பல் சத்தத்தில்தான் விழித்தேன்.

அத்தை இந்தக் கேலி எதிலும் சேரமாட்டாள். நெரையின் முடிவுக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "என் ஆளு நெஞ்சுல ஏறி ஒக்காந்திருக்கு அந்த எருமை" என்று ஒரு தடவை என் அம்மாவிடம் சொன்னாள்.

நான் சொல்ல வந்த காலம் இனிமேல்தான். எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது மழை பொய்த்தது. கொழுந்து கருகியது. நீர்த்தேக்கம் நாளுக்கு நாள் இறங்கி, முதலில் பெரிய தொரையின் தோள் தெரிந்தது, பிறகு வயிறு, பிறகு முழு உடம்பு. மற்ற இரண்டும் சேற்றில் சாய்ந்து படுத்தன. அதே சமயத்தில்தான் அத்தை இந்தியாவுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. திருச்சிப் பக்கத்தில் இருந்த மாமாவின் தம்பி, அண்ணியை அங்கே வந்து இருக்கச் சொன்னார். மாமாவின் அம்மாவுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் இலங்கைக்குக் கப்பல் ஏறிய மகனை அந்த அம்மா அதற்கப்புறம் பார்த்ததே இல்லை.

"வெறுங்கையோட போயி அவங்க முன்னாடி நிக்கச் சொல்றீங்களா அண்ணே?" என்று அத்தை அப்பாவிடம் கேட்டாள். "எம்மகன் எங்கடின்னு கேட்டா என்னத்தக் காட்டுறது? தண்ணி எறங்கியிருக்கு. நான் போறதுக்குள்ள ஒரு பிடி மண்ணு வேணும்."

அப்பாவுக்கு மறுக்க முடியவில்லை. இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பு வரைக்கும் சேறாகத் திரும்பி வந்து, துண்டில் கட்டியிருந்ததை அத்தையிடம் நீட்டினார். அத்தை முடிச்சை அவிழ்த்தாள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. விரலில் தேய்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"இது மேத்தோட்டத்து மண்ணுங்க அண்ணே. மழையில வந்து படிஞ்ச வண்டல். அவரு செவப்பு மண்ணுல படுத்தவரு."

"அங்க எல்லாமே இப்பிடித்தான் கெடக்கு புள்ள. எந்தக் குழி யாருதுன்னு தெரிஞ்சா எடுக்கிறது? மண்ணுதானே, இதையே கொண்டு போ."

அத்தை அதை வாசலில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவினாள். "அப்ப நானே போறேன்" என்றாள்.

"பொம்பள போற எடமா அது?"

"அங்க தண்ணியே போயி நின்னுச்சு, கப்பலும் போயி ஒக்காந்துச்சு. நான் மட்டும்தான் போகக்கூடாதா?"

அப்பா எழுந்து வீட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அம்மா என்னைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்: "நீ அத்தை கூடவே இரு. அவ முந்தானைய விட்டுறாத."

ஞாயிற்றுக்கிழமை. அத்தை மாமாவின் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லயத்து வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தால் பின்னால் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் அந்தச் சேற்றுக்கடியில் யாரோ ஒருவர் இருந்தார். வேலைக்குப் போகிற மாதிரியே இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, செடி மட்டம் பார்க்கும் மட்டக்கம்போடு வந்தார்கள்.

குழியை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பாவுக்குத் தெரியாத வழி அத்தைக்குத் தெரிந்திருந்தது. அவள் நேராகத் தன் நெரைக்குப் போனாள். கடைசிச் செடியோரம் அம்மாவை நிறுத்தினாள்.

"அண்ணி, இங்கதான் நான் நின்னேன். நெரை போற போக்குக்கு நேரா அவர எறக்குனாங்க. வாய்க்கா திரும்புற எடத்துக்கும் அந்த ஒத்தப் பாறைக்கும் நடுவுல. நெரைய அப்பிடியே கீழ இழுத்துட்டுப் போவோம்."

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருத்திக்குக் கீழே ஒருத்தியாகப் பெண்கள் மலைச்சரிவில் நேர்கோட்டில் நின்றார்கள். மேலேயிருந்து அம்மா கையைக் காட்டுவாள், "வலத்தே, இன்னுங் கொஞ்சம் வலத்தே, நில்லு." செடியே இல்லாத இடத்தில், தண்ணீர் விட்டுப்போன வெறும் நிலத்தில், அத்தையின் நெரை கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது.

சேறு தொடங்கும் இடத்தில் அணைக்கட்டு வாட்சர் ஓடிவந்து கையை விரித்து நின்றார். சிங்களவர், நல்ல மனுஷன். போன வாரம் ஒரு எருமை இங்கே புதைந்துபோனது, "யன்ன எபா, யன்ன எபா" என்றார். போகாதீர்கள் என்று கெஞ்சினார். அத்தை கப்பலைக் காட்டி, "மகே மினிஹா அதன இன்னவா" என்றாள். என் ஆள் அங்கே இருக்கிறார் என்று. வாட்சர் விரித்த கைகளை இறக்கினார். பிறகு ஓடிப்போய் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் கட்டச் சொல்லி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

பெண்கள் படங்குகளை அவிழ்த்தார்கள். மட்டக்கம்புகளைச் சேற்றில் குறுக்கே போட்டு, அதன்மேல் படங்கை விரித்து, அதில் கால் வைத்து அடுத்த படங்கை விரித்தார்கள். இரண்டு பக்கமும் பட்டுப்போன மரங்களின் அடிக்கட்டைகள் கறுப்பாக நின்றன. சேறு வெயிலில் வெடித்து மீன் நாற்றம் அடித்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. பாதி வழியில் கழுத்தளவு வண்டலில் புள்ளையார் கல் நின்றது. எங்களுக்குப் பின்னால் தடியூன்றி வந்த கங்காணி அதன் முன்னால் நின்றுவிட்டார். தலைப்பாகையை அவிழ்த்து அந்தக் கல்லைத் துடைக்க ஆரம்பித்தார். அன்று அவர் யாரையும் அதட்டவில்லை.

கிட்டப் போகப் போகக் கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேலேயிருந்து எருமை மாதிரி தெரிந்தது, பக்கத்தில் வானத்தை மறைத்தது. நெரை நேராக அதன் வயிற்றில் போய் முட்டியது. பக்கவாட்டில் ஒரு முழம்கூட விலகவில்லை. அத்தை படங்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தெரிந்ததுதான், இருந்தாலும் கொஞ்சம் தள்ளி இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. அவ்வளவு இரும்பை யாரால் நகர்த்த முடியும்?

பிறகு அத்தை எழுந்து, கப்பலின் ஓரமாகவே நடந்தாள். பின்பக்கம் தகடுகள் பிளந்து, ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு வாய் திறந்திருந்தது. அவள் கயிற்றோடு உள்ளே போனாள். முந்தானையை விடாமல் நானும் போனேன்.

உள்ளே அப்படி ஒரு குளிர். ஆணி விழுந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் கம்பி கம்பியாக விழுந்தது. நாங்கள் மூச்சுவிடுவது நாலு பக்கமும் கேட்டது. கோயில் கர்ப்பக்கிரகத்துக்குள் தப்பி நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அடியிலும் வண்டல்தான், ஆனால் முழங்கால் அளவுகூட இல்லை. அத்தை மாமாவின் கத்தியால் வழித்துக்கொண்டே போனாள். கத்தி தகட்டில் உரசும் சத்தத்துக்குக் கப்பல் முழுக்க முனகியது. ஓரிடத்தில் இரண்டு அடித்தகடுகள் விலகி, ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. அதில் அடைத்திருந்த சேற்றைத் தோண்டி, தோள் வரைக்கும் கையை விட்டாள்.

கை வெளியே வந்தபோது அதில் இருந்தது செம்மண். மேலே எங்கள் தேயிலைச் செடிகள் நிற்கிற அதே மண். மக்கிய புல்வேர்கூட அதில் ஒட்டியிருந்தது.

அத்தை அதை ஓட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். மாமா செத்த அன்று லயத்து வாசலோடு நிறுத்திய ஒப்பாரி. ஒரு பெண்ணின் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரும்பு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. வெளியே நின்றவர்களுக்குக் கப்பலே அழுகிற மாதிரிக் கேட்டதாம். மேலே மலையில் நின்ற அம்மாவுக்குக் கேட்டது. வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார். நாங்கள் வெளியே வந்தபோது பெண்கள் எல்லோரும் கப்பலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தை முந்தானையில் மண்ணை முடிந்தாள். துருவேறிய அந்தத் தகட்டைக் கொஞ்ச நேரம் தடவினாள்.

"இத்தன வருசமா இத எருமைன்னு ஏசிட்டேன்" என்றாள். "ஒரு பொட்டு சேறு விழுகாம மூடிக் காத்துட்டு இருந்திருக்கு."

தன் நெற்றி விபூதியை விரலில் எடுத்துப் பெரிய தொரையின் வயிற்றில் பூசினாள். படங்குகளைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம். அத்தை கரையேறிய பிறகுதான் வாட்சர் கயிற்றை விட்டார், அவர் கை சிவந்து கன்றியிருந்தது.

அந்த வருஷத்து மழை தாமதமாக வந்தாலும் வட்டியோடு வந்தது. கப்பக்காடு மறுபடி மூழ்கியது. நான் அந்தத் தோட்டத்தில் இருந்தவரைக்கும் தண்ணீர் அவ்வளவு இறங்கவே இல்லை. இரும்புக் கழுத்தும் ஒரு புயலில் முறிந்துபோக, அங்கே கப்பல்கள் இருந்ததற்கு மேலே ஒரு அடையாளமும் இல்லாமல் போனது.

மழைக்கு முன்பே அத்தை போய்விட்டாள். அப்பாதான் ஹட்டனில் ரயிலேற்றி, தலைமன்னார் வரைக்கும் கூடவே போய் வந்தார். கப்பலுக்கு முன்னால் சாமான்களைச் சோதித்த அதிகாரி அத்தையின் மூட்டையில் மஞ்சள் துணி முடிச்சைக் கண்டு அவிழ்த்தாராம். மண், செடி எதுவும் கொண்டுபோகக் கூடாது, கொட்டிவிட்டுப் போ என்றாராம்.

"மண்ணு இல்லீங்க" என்றாளாம் அத்தை. "எங்க வீட்டுக்காரருங்க. சின்னதுல இந்தக் கப்பல்லதான் வந்தாரு. அவங்க அம்மாகிட்ட கொண்டுபோயி விடணும்."

அதிகாரி அந்தச் செம்மண்ணைக் குனிந்து பார்த்தாராம். பின்னால் வரிசை நெருக்கியது. அவர் முடிச்சைத் தானே மறுபடி கட்டி, இரண்டு கையாலும் ஏந்தி அத்தையிடம் கொடுத்தாராம்.